முதல் வகுப்பில் ஓராண்டு

ஓர் ஊரின் வளர்ச்சியை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் சாலை, குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, கட்டடம் ஆகியவற்றையே எண்ணுவர். அவை கண்ணுக்குப் புலனாவன. அளவீட்டுப் புத்தகத்தில் எழுதத் தக்கன. அதே ஊரின் தொடக்கப்பள்ளியில், முதல் வகுப்பில், ஜூன் முதல் ஏப்ரல் வரை நிகழும் வளர்ச்சியோ எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஆயினும் மற்ற வளர்ச்சிகள் யாவற்றிற்கும் அடிப்படை அதுவே. ஆதலின், முதல் வகுப்புக் குழந்தை ஓராண்டில் எவற்றைக் கற்கிறது, அதை ஊரார் எவ்வாறு அறியலாம், எவ்வாறு காக்கலாம் என்பனவற்றை இங்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

வளர்ச்சி அலுவலருக்குப் பள்ளியில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது தொடக்கக் கல்வியும் அவற்றின் கடமைகளுள் ஒன்றாயிற்று. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்னும் பெயரே அதற்குச் சான்று. இன்று ஆசிரியர்கள் கல்வித் துறையைச் சார்ந்தவர்களாயினும், கட்டடம், கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம் ஆகியவற்றின் பொருட்டு நாங்கள் பள்ளி வாயிலை அடிக்கடி மிதிக்கிறோம். ஆனால் பல ஆண்டுகள் நான் வாயிலையும் கூரையையும் மட்டுமே பார்த்துத் திரும்பினேன் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் கற்ற பாடம்

ஒரு சிற்றூரில் பள்ளிக் கட்டடப் பழுது நீக்கும் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பணி செம்மையாக முடிந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்து ஒரு பாடத்தைப் படிக்கச் சொன்னேன். அவள் தங்குதடையின்றி ஒரு பக்கம் முழுவதும் ஒப்பித்தாள். நான் பாராட்ட வாய் திறக்குமுன் தலைமையாசிரியை அருகில் வந்து, படத்தைத் தம் கையால் மறைத்து, பக்கத்தின் நடுவிலிருந்த ஒரு சொல்லைச் சுட்டி, “இதை மட்டும் படி, அம்மா” என்றார். சிறுமி சற்றுத் தயங்கினாள். பிறகு பாடத்தை முதல் வரியிலிருந்து மீண்டும் சொல்லத் தொடங்கினாள்.

“ஐயா, இவள் படிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறாள். அறிவில் குறைவில்லை. முதல் வகுப்பில் பொங்கல் முடிந்ததும் பெற்றோருடன் செங்கற்சூளைக்குச் சென்றுவிட்டாள். வந்தது ஜூன் கடைசியில். அந்த மூன்று மாதப் பாடம் அவளிடம் இல்லை. ஆனால் வகுப்பு மட்டும் ஏறிவிட்டது” என்றார் அவர்.

அன்று அப்பள்ளியிலேயே அமர்ந்து, முதல் வகுப்பின் ஓராண்டில் எது எதன்பின் வருகிறது என்பதை அவ்வம்மையாரிடம் கேட்டறிந்தேன். பின்னர் வேறு பள்ளிகளிலும் கண்டேன். அதையே கீழே தருகிறேன்.

முதற் பருவம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை

இப்பருவத்தில் குழந்தை எழுத்தைக் காட்டிலும் முதன்மையான சிலவற்றைக் கற்கிறது. தாயை விட்டு அரைநாள் இருக்கவும், பிறர் பேசும்போது செவிமடுக்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் பழகுகிறது. விரல்களுக்கு வலிமை உண்டாக நேர்கோடும் வளைவும் வரைகிறது, களிமண் பிசைகிறது.

மற்றொரு கல்வியும் அமைதியாக நடைபெறுகிறது. வீட்டில் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சொன்ன குழந்தை, புத்தகத்தில் ‘ஒன்று, இரண்டு’ என்றிருப்பதைக் காண்கிறது. வீட்டில் ‘மாடு மேயுது’; பள்ளியில் ‘மாடு மேய்கிறது’. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே பாலம் கட்டுவது சிறிய வேலையன்று. வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, உருதுவோ, மலைவாழ் மக்கள் மொழியோ பேசும் குழந்தைக்கு இப்பாலம் இன்னும் நீளமானது. கொச்சையாகப் பேசுகிறாய் என்று குழந்தையைக் கடிந்து அதன் வாயை அடைப்பது பெருந்தீங்கு. பேசும் குழந்தையே பின்னர் எழுதும்.

எண்ணிலும் இவ்வாறே. ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று சொல்லும் குழந்தையிடம் ஏழு புளியங்கொட்டைகளை எடுத்துத் தரச் சொன்னால் ஐந்தோ ஒன்பதோ தரும். எண்ணின் பெயரைச் சொல்வது வேறு. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்தி எண்ணுவது வேறு. இரண்டாவதே கணக்கின் தொடக்கம்.

இரண்டாம் பருவம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவை நீங்கலாக எஞ்சிய 216-உம் உயிர்மெய்களே. அவற்றுள் ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கைப் பிடித்துக்கொண்ட குழந்தை ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. அ, ஆ என்னும் நெடுங்கணக்கு வரிசையில் தொடங்காமல், ட, ப, ம போன்ற எளிய வடிவங்களை முதலில் கற்பித்து, ‘படம்’, ‘பட்டம்’ என உடனே சொல்லாக்கிக் காட்டும் ஆசிரியர்களும் உளர். எழுத்துக் கூடிச் சொல்லாகும் அந்தக் கணத்தில் குழந்தையின் முகத்தில் தோன்றும் ஒளியை ஒருமுறை கண்டவர் மறவார்.

ஒருபுறம் புள்ளி வைத்தால் ஒலி குறுகுவதையும், துணைக்கால் இட்டால் நீள்வதையும் குழந்தை அறிகிறது. மறுபுறம் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டு பத்துக்குச் சமம் என்று கற்கிறது.

மூன்றாம் பருவம்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை

இதுவே ஆண்டின் கடினமான பகுதி. உகர வரிசையில் கு, சு, து, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. ‘கே’ என்னும் எழுத்தில் செவிக்கு முதலில் கேட்பது ககர ஒலி. கண்ணுக்கு முதலில் தெரிவதோ இரட்டைக்கொம்பு. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக எழுத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. காது ஒரு வரிசையும் கண் வேறொரு வரிசையும் சொல்லும்போது குழந்தை தடுமாறுவது இயல்பே. நாள்தோறும் பழகினாலன்றி இத்தடுமாற்றம் தீராது.

1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்பு கற்ற தாத்தாமாரும் பாட்டிமாரும் ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ போன்ற எழுத்துகளைப் பழைய வடிவில் எழுதிக் காட்டுவதுண்டு. அது தவறன்று, ஆயினும் இவ்வாண்டில் மட்டும் பேரப்பிள்ளையின் புத்தகத்திலுள்ள வடிவையே எழுதிக் காட்டுதல் நலம்.

கணக்கில் இப்பருவத்தின் கடினம் இடமதிப்பு. ‘பதினாறு’ என்று சொன்னால், பத்தையும் ஆறையும் காதில் வாங்கிய குழந்தை 106 என்று எழுதுகிறது. ‘தொண்ணூறு’ என்பதில் நூறு ஒலிப்பதால் மயங்குகிறது. ஒரு கட்டும் ஆறு தனிக் குச்சிகளும் என்று கையால் தொட்டறிந்த பின்னரே 16 விளங்கும். அது விளங்காவிடின் இரண்டாம் வகுப்பில் இனமாற்றிக் கூட்டலும் கழித்தலும் விளங்கா.

மூன்று மாதம் தவறினால்

இப்போது அச்சிறுமியின் நிலை வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். அவள் இழந்தது கொம்பும் குறியும் இடமதிப்பும் பயிலும் மூன்று மாதங்களை. வீட்டின் நடுச்சுவர் எழுப்பாமல் கூரை போட்டதற்கு ஒப்பாகும் அது.

ஊரடங்கின்போது இவ்விழப்பை எல்லாக் குழந்தைகளும் அடைந்தனர். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அதன் விளைவை ஈடுசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021-இலும், முதல் மூன்று வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ 2022-இலும் தொடங்கப்பெற்றன. பின்னதில் குழந்தைகள் வகுப்பைப் பொறுத்தன்றி, கற்றலின் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டனர். மூன்றாம் வகுப்பிலுள்ள குழந்தைக்கும் முதல் வகுப்புப் பாடம் தேவைப்படலாம் என்னும் உண்மையை வெட்கமின்றி ஏற்றுக்கொண்டமையே அதன் சிறப்பு.

ஊரடங்கு ஒருமுறை வந்தது. சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் செல்லும் குடும்பங்களின் குழந்தைகளுக்கோ தை மாதந்தோறும் பள்ளி மூடப்படுகிறது. பெற்றோரை நான் பழிக்கவில்லை. முன்பணம் பெற்ற குடும்பத்திற்குப் போக்கிடம் வேறில்லை. ஆனால் இக்குழந்தைகள் எத்தனை பேர் என்பதை நம் ஊர் அறிந்திருக்க வேண்டாமா?

ஊரார் செய்யத்தக்கவை

1. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் ஆவர், பாதிப்பேர் மகளிர். மார்கழி மாதக் கூட்டத்தில், தையில் வெளியூர் செல்லவிருக்கும் குடும்பங்களின் குழந்தைகளைப் பெயர் பெயராகக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

2. பாட்டி, சித்தி, பெரியம்மா யாரிடமேனும் குழந்தையை விட்டுச்செல்ல இயலுமா என்று கனிவுடன் வினவுதல் வேண்டும். 1956-இல் வேரூன்றி 1982-இல் விரிவுபெற்ற மதிய உணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கி 2023-இல் மாநிலமெங்கும் பரவிய காலை உணவுத் திட்டமும், வயது முதிர்ந்த பாட்டியின் சுமையைப் பெரிதும் குறைத்தன.

3. உடன் அழைத்துச் செல்வது தவிர்க்க இயலாதெனில், சென்ற இடத்துப் பள்ளியில் சேர்க்கலாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்றோ, ஆண்டு தொடங்கிவிட்டது என்றோ சேர்க்கையை மறுத்தல் கூடாது. இதனைப் பெற்றோர் புறப்படுமுன் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் நம் கடமை.

4. எழுத்தறியாத தாயும் தன் குழந்தையின் கல்வியைச் சோதித்தறியலாம். உப்பு, சீப்பு, குடம், பாய், கொடி என ஐந்து பொருள்களின் பெயரைக் குழந்தை ஐந்து சீட்டுகளில் எழுதட்டும். மறுநாள் சீட்டுகளைக் கலைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றையும் உரிய பொருளின்மேல் வைக்கச் சொல்ல வேண்டும். வைப்பதற்கு முன், எந்தச் சீட்டு எதற்குரியது என்பதைத் தாய் அறிய, முதல்நாளே சீட்டின் பின்புறம் ஓர் அடையாளம் இட்டுக்கொள்ளலாம். ஐந்தும் சரியாக அமையுமாயின் குழந்தை மெய்யாகவே எழுதுகிறது, படிக்கிறது. அவ்வாறே பதினேழு கொட்டைகளைக் கொடுத்துப் பத்தைத் தனியே பிரிக்கச் சொல்லலாம்.

5. கிராம சபையில் சாலையையும் விளக்கையும் பற்றி வினவும் நாம், “நம் பள்ளியில் முதல் வகுப்புக் குழந்தைகள் எத்தனை பேர் படம் பாராமல் படிக்கின்றனர்?” என்றும் வினவுவோம். ஆசிரியரைக் குறைகூறும் நோக்குடன் அன்று; ஐந்து வகுப்புகளை இருவர் தாங்கும் பள்ளியில் அவர்தம் சுமையைப் பகிரும் நோக்குடன்.

அச்சிறுமிக்கு நிகழ்ந்ததைக் கூறி முடிக்கிறேன். அடுத்த தையில் பாட்டி அவளைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ள இசைந்தாள். தலைமையாசிரியை அவளை முதல் வகுப்புக் குழந்தைகளுடன் நாள்தோறும் சிறிது நேரம் அமர்த்திக் கொம்பும் காலும் கற்பித்தார். ஏப்ரலில் நான் சென்றபோது, படத்தை மறைத்து நடுவிலொரு சொல்லைக் காட்டினேன். மெதுவாக, எழுத்துக் கூட்டி, ‘கோழி’ என்றாள். முன்பு ஒரு பக்கத்தை ஒப்பித்தவள் அன்று ஒரே ஒரு சொல்லைப் படித்தாள். அதுவே வளர்ச்சி.

அவள் தம்பி இன்னும் சிறுவன். அவனைப் பெற்றோர் சூளைக்கு அழைத்துச் சென்றிருந்தனர். வரும் ஜூனில் அவன் முதல் வகுப்பில் சேர்வான். அவனுடைய மூன்றாம் பருவத்தைக் காப்பது யார் என்பதை மார்கழிக்குள் நாம் முடிவு செய்தாக வேண்டும்.