கோவில் பாட்டும் வீதிப் பாட்டும்

தியானத்திற்கோ முகாமிற்கோ போனால், இரவில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து, கித்தார் ஒலிக்க நாம் பாடும் பாடல்களில் ‘கும்பயா’ ஒன்று. அது எந்த மொழிச் சொல் என்று என்றாவது யோசித்திருக்கிறோமா? ஆப்பிரிக்க மொழி என்றுதான் நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். தோழி ஒருத்தி இலத்தீன் என்றே சாதித்தாள்! உண்மையில் அது ஆங்கிலம். ‘கம் பை ஹியர்’, அதாவது ‘இங்கே வாரும்’ என்று ஆண்டவரை அழைக்கும் சொற்களே பேச்சு வழக்கில் அப்படித் திரிந்தன. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பாட்டு அது. கிடைத்துள்ள ஒலிப்பதிவுகளில் மிகப் பழையதை 1926-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் கார்டன் என்பவர் மெழுகு உருளையில் பதிவு செய்தார். அங்கே அதைப் பாடி வந்தவர்களின் முன்னோர்கள் அடிமைகள்.

மேல்நாட்டுப் பாட்டு என்றால் எங்கள் அப்பாவுக்கு ஆகாது. “காது கிழியும் கூச்சல், தெய்வ பயம் இல்லாதவர்கள் போடும் ஆட்டம்” என்பார். ஆனால் அந்தக் கூச்சல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது நம்மைக் கடைசியில் ஒரு கோவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதை நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. ஆகவே ஆண்டுகளோடும் பெயர்களோடும் எழுதிக் காட்டுகிறேன்.

1619 முதல் ஆப்பிரிக்க மக்கள் வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களுக்கு விலைப்பொருளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு மொழி போயிற்று, பெயர் போயிற்று. பெற்ற பிள்ளையையும் ஏலத்தில் பறிகொடுத்தார்கள். தென் கரோலினாவில் 1739-ல் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்ததால், அடுத்த ஆண்டே அவர்கள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடை செய்தது. முரசைப் பிடுங்கலாம், கைகால்களைப் பிடுங்க முடியுமா? கையைத் தட்டியும் தரையைக் காலால் உதைத்தும் தாளத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ராயேல் மக்களின் கதையைக் கேட்டபோது அது தங்கள் கதையே என்று கண்டுகொண்டார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடுவார்கள். நாம் மன்றாட்டுமாலை சொல்லும் முறையை நினைத்தால் இது எளிதில் விளங்கும். இந்தப் பதில்பாட்டும், தாளத்தின் இரண்டாம் நான்காம் தட்டில் விழும் கைதட்டும்தான் பின்னால் வந்த ராக், சோல் இசைகளுக்கெல்லாம் முதுகெலும்பாயின.

மேல்நாட்டு ஜனரஞ்சக இசைக்கு இது ஒன்றே ஊற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் கதைப்பாடல்களும் பிடிலும் உண்டு. நியூயார்க்கில் பாட்டெழுதி அச்சிட்டு விற்றவர்களும் உண்டு. ஆயினும் பெருவெள்ளமாக வந்து கலந்தது இந்த ஊற்றே.

இந்தப் பாடல்களை உலகம் கேட்கும்படி செய்தவர்கள் நம்மைப் போன்ற மாணவ மாணவியர். 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. மறு ஆண்டே நாஷ்வில் நகரில், ராணுவம் விட்டுச் சென்ற மரக் கொட்டகைகளில், விடுதலை பெற்றவர்களுக்காக பிஸ்க் என்ற கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் பணமில்லாமல் மூடும் நிலைமை வந்துவிட்டது. அங்கே கணக்கும் பார்த்துக்கொண்டு பாட்டும் கற்பித்து வந்த ஜார்ஜ் ஒயிட் என்ற ஆசிரியர், 1871 அக்டோபர் 6-ஆம் நாள் ஒன்பது பேரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார். பியானோ வாசித்த எல்லா ஷெப்பர்ட் அடிமையாகப் பிறந்தவர். தந்தை விலை கொடுத்து மீட்ட பெண்.

முதலில் அவர்கள் வெள்ளையர்களின் மேடைப் பாடல்களையே பாடினார்கள். தாய் தந்தையர் அடிமைக் குடிசையில் பாடிய பாடல்களைப் பொதுமக்கள் முன் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவற்றோடு அவமானத்தின் நினைவும் ஒட்டியிருந்தது. அவை பெற்றோரின் ஜெபமாகவும் இருந்தன. தயங்கித் தயங்கிப் பாடிய பிறகோ, கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். பல ஊர்களில் விடுதிக்காரர்கள் இவர்களுக்கு அறை கொடுக்க மறுத்தார்கள். அந்தச் சமயத்தில் சிகாகோ நகரம் பெருந்தீயில் அழிந்தது. தங்கள் கையிலோ காசில்லை. ஆனாலும் ஒரு நிகழ்ச்சியில் கிடைத்ததை அப்படியே சிகாகோ மக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அடிமைகள் விடுதலை பெறும் ஐம்பதாம் ஆண்டை வேதாகமம் ‘ஜூபிலி’ என்று சொல்கிறதல்லவா? அந்தப் பெயரையே தங்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள். 1873-ல் விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் பாடினார்கள். பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது.

விடுதலை கிடைத்ததே தவிர நிலம் கிடைக்கவில்லை. பழைய எசமானரின் பருத்திக் காட்டிலேயே வாரத்திற்கு உழுதார்கள். அந்த வயல்களிலும் சனிக்கிழமை இரவுக் கேளிக்கைகளிலும் பிறந்தது ‘புளூஸ்’. கோவிலில் ஆண்டவரிடம் முறையிட்ட அதே குரல் இங்கே கணவனின் கொடுமையையும் வெள்ளத்தையும் வறுமையையும் பாடியது. இதில் சில சுரங்களைச் சற்றே இறக்கி வளைத்துப் பாடுவார்கள். பியானோவின் கட்டைகளுக்கு இடையில் ஒளிந்திருக்கும் சுரங்கள் அவை. பியானோவில் அவை அகப்படா. குரலிலும் கித்தார்த் தந்தியிலும் அகப்படும். கமகம் கேட்டுப் பழகிய நமக்கு இதில் அதிசயமில்லை.

1920-ல் மேமி ஸ்மித் என்ற பாடகி புளூஸ் இசைத்தட்டு வெளியிட்ட முதல் கறுப்பினப் பெண்மணியானார். தட்டு அமோகமாக விற்கவே, கம்பெனிகள் விழித்துக்கொண்டன. ஒரு சிறு செய்தி: அக்காலத்துப் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். பாப் பாடல்கள் இன்றும் மூன்று நான்கு நிமிடத்தில் முடிவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளைத் தனியே ‘இனத் தட்டுகள்’ என்று பிரித்து விற்றார்கள். பெஸ்ஸி ஸ்மித் அவர்களுள் மகாராணி. பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுத்தார்களே ஒழிய, விற்பனையில் பங்கு இல்லை. 1937-ல் கார் விபத்தில் இறந்த அவரது கல்லறையில் 1970 வரை பெயர் எழுதிய கல்லே இல்லை.

இப்போது கோவிலுக்குத் திரும்புவோம். தாமஸ் டார்சி என்பவர் புளூஸ் மேடைகளில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். மனம் திரும்பி, அதே புளூஸ் நடையில் தெய்வப் பாடல்கள் இயற்றினார். ‘கூத்துக்கொட்டகைச் சரக்கைக் கோவிலுக்குள் கொண்டுவருகிறான்’ என்று பல போதகர்கள் விரட்டினார்கள். 1932-ல் அவர் வெளியூரில் பாடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார். வீடு வந்து சேர்ந்தார், குழந்தையும் இறந்தது. சில நாட்கள் கழித்துப் பியானோவின் முன் அமர்ந்து, தம் கையைப் பிடித்து நடத்தும்படி ஆண்டவரை இறைஞ்சி ஒரு பாடல் செய்தார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் அடக்கத்தில் மஹேலியா ஜாக்சன் பாடியது அதையே. ‘காஸ்பல்’ என்னும் இசை வகைக்கே டார்சிதான் தந்தை என்கிறார்கள். புளூஸில் ஊறிய கைகளிலிருந்து வந்தது என்பதற்காக அந்தப் பாடலை யாராவது ஒதுக்கத் துணிவார்களா?

அடுத்தவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். (கன்னியாஸ்திரீ அல்லர், அவர்கள் சபையில் பெண்களைச் சிஸ்டர் என்று அழைப்பது வழக்கம்.) 1915-ல் ஆர்க்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளாண்ட் என்ற ஊரில் பிறந்தார். தாய் ஒரு பிரசங்கி. சிறு பிள்ளையிலேயே கையில் கித்தார். வளர்ந்தபின் மின்சாரக் கித்தாரை எடுத்துத் தெய்வப் பாடல்களுக்கு வாசித்த வேகத்தைக் கேட்டு ஊரே திகைத்தது. 1938-ல் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில் பாடியதால் சபையார் பலர் மனம் கசந்தனர். கோவிலுக்கு அவர் உலகத்தார். உலகத்துக்கு அவர் கோவில்காரர். 1944-ல் அவர் பதிவு செய்த ஒரு தெய்வப் பாடலையே முதல் ராக் அண்டு ரோல் பாட்டு என்று சொல்பவர்கள் உண்டு. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்டு, எல்விஸ் பிரெஸ்லி எல்லோரும் அவரைக் கேட்டு வளர்ந்தவர்களே.

எல்விஸைப் பற்றித்தான் அப்பாவுக்கு அதிகக் கோபம். 1954-ல் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பாடிய முதல் வெற்றித் தட்டு ஒரு கறுப்பினக் கலைஞரின் பாட்டு. 1956-ல் அவருக்குப் பெரும்புகழ் தந்த ஒரு பாட்டை மூன்றாண்டுகளுக்கு முன்பே பிக் மாமா தார்ண்டன் என்ற கறுப்பினப் பெண்மணி வெளியிட்டிருந்தார். புகழும் பணமும் யாருக்குப் போயின என்று சொல்ல வேண்டியதில்லை. எல்விஸைத் திருடன் என்று சொல்வது நியாயமாகாது என்பது என் எண்ணம். அவர் அந்த இசையை உண்மையாகவே நேசித்தார். குற்றம், ஒரே பாட்டை நிறம் பார்த்து விற்ற வியாபாரத்தில் இருந்தது. அப்பாவுக்கு இன்னொரு செய்தி: எல்விஸ் வென்ற மூன்று கிராமி விருதுகளும் தெய்வப் பாடல்களுக்கே கிடைத்தவை!

கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் ஒரு கோவில் வருகிறது. 1957 ஜூலை 6-ஆம் நாள் லிவர்பூல் நகரின் ஒரு பகுதியான ஊல்டனில், புனித பேதுரு ஆலயத் திருவிழாவில், ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முறை சந்தித்தார்கள். அதிலிருந்துதான் பீட்டில்ஸ். 1964-ல் அவர்கள் அமெரிக்காவுக்குப் போனபோது, நிறவாரியாகப் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாடமாட்டோம் என்று மறுத்தது பலருக்குத் தெரியாது. அதே ஆண்டு மான்செஸ்டரில், பயன்படாத ஒரு ரயில் நிலையத்தில், இரசிகர்கள் ஒரு பிளாட்பாரத்திலும் கலைஞர்கள் எதிர்ப் பிளாட்பாரத்திலுமாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடந்தது. மழை வந்துவிட்டது. ஐம்பதை எட்டப்போகும் ரொசெட்டா, கோட்டு அணிந்து கித்தாரோடு வந்து, நோவா காலத்து மழையைப் பற்றிய பாட்டையே எடுத்துவிட்டார்! 1973-ல் இறந்த அவருக்கும் வெகுகாலம் கல்லறைக் கல் இல்லை. ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018-ல்.

அரேத்தா பிராங்க்ளின் ஒரு போதகரின் மகள். பத்து வயது நிறையுமுன் தாயை இழந்தவர். பதினான்காம் வயதில், தந்தையின் கோவிலில் பாடியது இசைத்தட்டாகப் பதிவாயிற்று. 1967-ல் மரியாதை கேட்டு அவர் பாடிய பாட்டு, பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் கொடிபோல் ஆனது. புகழின் உச்சியில் இருக்கையில், 1972-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு கோவிலில் இரண்டு இரவுகள் தெய்வப் பாடல்கள் மட்டுமே பாடினார். அவருடைய இசைத்தட்டுகளில் மிக அதிகமாக விற்றது அதுதான். தம் மகள் கோவிலை விட்டு ஒருநாளும் போகவில்லை என்று அங்கே எழுந்து சொன்னார் தந்தை.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க, சிண்டி கேம்ப்பெல் என்ற மாணவி ஒரு விருந்து நடத்தினாள். அவள் அண்ணன் இரண்டு இசைத்தட்டு இயந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டினான். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று அதையே கொண்டாடுகிறார்கள். மின்னணு வாத்தியங்கள், 1981-ல் இசைக்கென்றே ஒரு தொலைக்காட்சி, 1982-ல் குறுந்தகடு, பிறகு இணையம் என்று பாத்திரங்கள் மாறின.

நம் திருச்சபையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சிஸ்டர்மார் கோபித்துக்கொள்வார்கள். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டு, தாய்மொழிக்கும் மக்களின் சொந்த இசைக்கும் கதவு திறந்தது. நம் பூசையில் தமிழும் தபேலாவும் கித்தாரும் கேட்பது அதன் பயன். அதே மாதத்தில் அமெரிக்காவில் முதலிடத்தில் விற்ற இசைத்தட்டு எது தெரியுமா? பெல்ஜியம் நாட்டு தொமினிக்கன் கன்னியாஸ்திரீ ஒருவர், தம் சபை நிறுவனரைப் பற்றி கித்தார் மீட்டிப் பாடியது!

சிஸ்டர் தியா போமன் 1937-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தார். என் வயதில், பதினைந்தில், வீட்டை விட்டு வடக்கே அவர்களுடைய மடத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. தம் மக்களின் பாட்டும் கைதட்டலும் கத்தோலிக்கத் திருப்பலியிலும் ஒலிக்கலாம் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தார். 1989 ஜூன் மாதம் அமெரிக்க ஆயர்களின் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். புற்றுநோய் முற்றியிருந்தது, சக்கர நாற்காலியில் வந்தார். பேச்சைத் தொடங்காமல், தாயில்லாப் பிள்ளையின் துயரைச் சொல்லும் பழைய அடிமைப் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். பேசி முடித்ததும் ஆயர்களை எழுந்து நிற்கச் சொன்னார். கைகளைக் குறுக்கே கோத்துப் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கறுப்பின மக்கள் உரிமைக்காக வீதிகளில் பாடிச் சென்ற ‘வீ ஷல் ஓவர்கம்’ பாட்டை எடுத்துக் கொடுத்தார். ஆயர்கள் அத்தனை பேரும் தோளோடு தோள் நின்று, அசைந்தாடிப் பாடினார்கள்.