திதி தெரியாத சிப்பாய்

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் ஓர் இலை கூடுதலாக விழும். அது கருப்பையாத் தாத்தாவின் இலை. என் தாத்தாவின் அண்ணன். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1941இல் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவர். பர்மாவில் காணாமல் போனார் என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு, இறந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது என்று இன்னொன்று. கொள்ளுப்பாட்டிக்கு மாதாமாதம் ஒரு சிறிய மணியார்டர் வந்ததாம். அவர் என்றைக்கு இறந்தார் என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாள் தெரியாதவருக்குத் திதி கொடுப்பது எப்படி? அதனால்தான் அமாவாசை இலை.

கட்டுகஸ்தோட்டையில் கடைச் சிப்பந்தியாக வந்து நிலைத்துவிட்ட என் தாத்தா அண்ணனுக்காக இன்னொன்றும் செய்வார். வருடத்துக்கு ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு கண்டி டவுனில் பஸ் மாறி, பேராதனை வீதியில் இறங்கி, தெவனி ராஜசிங்க மாவத்தையில் இருக்கும் போர் மயானத்துக்குப் போவார். அங்கே 203 கல்லறைகள். 107 பேர் பிரித்தானியர், 35 பேர் கிழக்கு ஆபிரிக்கர், 26 பேர் இலங்கையர், 23 பேர் இந்தியர், 6 பேர் கனடியர். மிச்சம் மூன்று இத்தாலியர், ஒரு பிரெஞ்சுக்காரர், பெயர் தெரியாத இருவர். தாத்தா ஏதாவதொரு இந்தியர் கல்லைத் தெரிந்தெடுத்து இரண்டு செவ்வரத்தம்பூ வைப்பார். "அவன் எங்க கெடக்கானோ, அங்க யாராச்சும் வப்பாங்க" என்பார். அந்த வயதில் நான், பெரிய தாத்தா இங்கேதான் புதைந்திருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

தாத்தா போய், அம்மாவுக்கும் எழுபது தாண்டிய பிறகுதான் தேட ஆரம்பித்தேன். முதல் தப்பை அங்கேயே செய்தேன். கண்டி மயானத்தின் பெயர்ப் பட்டியலிலேயே திரும்பத் திரும்பத் தேடினேன். பர்மாவில் இறந்தவர் கண்டிக்கு எப்படி வருவார்? செத்த சிப்பாயை ஊருக்குக் கொண்டுபோவதில்லை, விழுந்த நாட்டிலேயே அடக்கம் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு என்று இன்று சொல்லப்படுவது 1917இல் அரச சாசனத்தோடு தொடங்கியது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்பது அதன் கொள்கை. எரியூட்டப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் கல்லறை கிடையாது, நினைவுச் சுவரிலோ தூணிலோ பெயர் மட்டும். நம் ஆட்களைத் தேடுகிறவர்கள் கல்லறைப் பட்டியலோடு நின்றுவிடாமல் இந்த நினைவகங்களையும் பார்க்க வேண்டும். பர்மாவில் கல்லறை இல்லாமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் தூண் தூணாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போனவர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகம்.

ஆணைக்குழுவின் பதிவேட்டை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் கருப்பையா என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை மூன்று இரவு உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். 'கே'யில் தேடினேன், இல்லை. கடைசியில் 'சி'யில் இருந்தார். ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் இருக்கிற ஒற்றைப் பெயரே குடும்பப் பெயருக்கான பத்தியில் ஏறியிருக்கும். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போட்டுத் தேடினால் கிடைக்காது. திருச்சி என்றும் தேடக்கூடாது, அந்தக் காலத்து 'ட்ரிச்சினோபொலி'தான் ஏட்டில் இருக்கும்.

அதே எழுத்தில் அதே பட்டாளத்தில் இருவர் இருந்தார்கள். எது நம்மவர்? அம்மாவின் தகரப் பெட்டியில் பழைய மணியார்டர் துண்டு ஒன்று கிடந்தது. அதன் மூலையில் பட்டாள நம்பர். ஒருவருடைய நம்பரோடு அது அப்படியே பொருந்தியது. பதிவேட்டில் அந்தப் பெயருக்கு அடியில் இன்னாருடைய மகன் என்று கொள்ளுத்தாத்தாவின் பெயர், பிறகு ஊர். மேலே 1944 மார்ச் 18 என்று இறந்த தேதி. அம்மா அதைப் போனில் வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

பெரிய தாத்தா விழுந்து ஒரு மாதம்கூட ஆகுமுன், அந்த ஏப்ரலில், பர்மாப் போரை நடத்திய மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் மாறினால் போகிற இடம். தாத்தாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்க இப்போது ஆளில்லை.

தேடியும் பெயர் அகப்படாத குடும்பங்களும் உண்டு. அதற்காக வீட்டுக் கதை பொய்யாகிவிடாது. முதல் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசியச் சிப்பாய்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை பெயரில்லாமலே விடப்பட்டார்கள் என்று ஆணைக்குழுவே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. பிழையான எழுத்தோ விடுபட்ட பெயரோ இருந்தால் சான்றோடு எழுதலாம், பரிசீலிப்பார்கள். இன்னொன்று, போரிலிருந்து உயிரோடு திரும்பிப் பல வருடம் கழித்து இறந்தவருக்கு இந்தக் கல் கிடையாது. இரண்டாம் போருக்கான கணக்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இது தெரியாமல் மூன்று இடத்துக்கு மனு எழுதிக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தவர்களின் கதை வேறு. எங்கள் எதிர்வீட்டில் இலங்கை இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கோப்ரல் ஒருவர் இருந்தார், மலாய்க்காரர். விடியற்காலையில் மௌத்தாகி லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கியாகிவிட்டது. பழைய ரெஜிமெண்டுக்கு மறுநாள்தான் சொன்னார்கள். கொடியும் இல்லை, ஒரு மலர்வளையமும் இல்லை. நேரத்தோடு சொல்லியிருந்தால் யாராவது வந்திருப்பார்கள் என்று மகன் இன்றும் சொல்லி வருந்துகிறார். ரெஜிமெண்டின் நம்பர் அவருடைய பழைய போனுக்குள் இருந்தது, அதைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை. முஸ்லிம் வீடுகளில் சில மணி நேரம்தான் கையில் இருக்கும். ஆகவே அந்த நம்பரை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பதே நல்லது.

பென்சனில் அதைவிடப் பெரிய தொல்லை. பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவிக்காததால் இரண்டு மாதப் பென்சன் வங்கியில் விழுந்தது. மனைவி அதை எடுத்துச் செலவழித்துவிட்டார், பிறகு திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. விதவைப் பென்சனுக்கு அலைந்தபோது, விவாகப் பதிவில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று ஒரு கவுன்டரில் நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். நான்கு முறையும் நான் கூடப் போனேன். எழுத்து வித்தியாசத்தை ஆள் உயிரோடு இருக்கும்போதே திருத்துவது சுலபம். இறந்தபின் சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம் என்று மாதங்கள் ஓடும். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் நான்கைந்து பிரதி முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

சிங்கள இராணுவத்தில் இருந்தவருக்காக நீ ஏன் அலைகிறாய் என்று யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் கேட்டான். அவனுடைய அண்ணன் கோப்பாயில் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லத்தில் புதைக்கப்பட்டிருந்தான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அது இடித்துத் தள்ளப்பட்டு, 2011இல் அதே நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. கண்டி மயானத்திலோ, 1943 செப்டெம்பர் வரை எதிரி நாடாக இருந்த இத்தாலியின் மூன்று பேருக்கும் மற்றவர்களைப் போலவே இடம் இருக்கிறது, அவர்கள் மேலும் புல் ஒழுங்காக வெட்டப்படுகிறது. செத்தவனின் கல்லை உடைப்பதை எந்த வெற்றியாலும் நியாயப்படுத்த முடியாது. அவனிடம் நான் சொன்னது அவ்வளவுதான். அவனும் மேலே பேசவில்லை.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி 1944 மார்ச் 18ஐப் பங்குனித் தேய்பிறையில் கண்டுபிடித்துத் திதியைக் குறித்துத் தந்தார். இந்தப் பங்குனியில் முதல் தடவையாகக் கொடுத்தோம். இனி ஆடியில் அந்த இலை வேண்டாமே என்றேன். அம்மா கேட்கவில்லை, போட்டார்.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போன ஒருவர் இருந்தால், பட்டாள நம்பர், ரெஜிமெண்ட், தகப்பன் பெயர், ஊர், இந்த நான்கையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயரின் ஆங்கில எழுத்தை மட்டும் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.