சீனன்குடா வானில் மாணவ வலவன்

பாலையூற்றிலே வாழ்வோர்க்கு வானூர்தியின் ஓசை காகத்தின் கரைவு போலப் பழகிப்போன ஒன்று. காலையில் முதற்பாடம் நடந்துகொண்டிருக்கும்போது சிறு விமானமொன்று கூரைகளின் மேலாகச் செல்லும். சில நிமிடங்களில் மீண்டும் அதே வழியே வரும்; மீண்டும் செல்லும். "சேர், அது ஏன் ஒரே இடத்தையே சுற்றுகின்றது?" என்று மாணவர் நம்மை வினவுவதுண்டு. புணர்ச்சி விதி படிக்கும் வேளையில் எழும் வினாவாயினும் அது புறந்தள்ளத்தக்கதன்று. போர் நிகழ்ந்த ஆண்டுகளிலே அவ்வோசை எழுந்ததும் கற்பித்தவரும் கற்றவரும் பேச்சை நிறுத்திச் செவிசாய்த்திருந்தோம். அந்நாளில் அதனுள் இருப்பவன் யார், அவனும் ஒரு மாணவனோ என்று எண்ணிப்பார்க்கும் நிலை நமக்கு இருந்ததில்லை. இன்று அவ்வாறு எண்ணிப்பார்க்க இடமுண்டு. நம் கல்லூரியில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுட் சிலர் அவ்வழியிற் செல்ல விரும்புவதையும் நாம் அறிவோம். ஆதலின் விமானப்படைப் பயிற்சிக் கழகமொன்றிலே பறக்கக் கற்கும் மாணவனின் நாள் எவ்வாறு கழிகின்றது என்பதனை ஈண்டு சிறிது விரித்துரைப்பாம்.

தேரோட்டுபவனை வலவன் என்றனர் நம் முன்னோர். வலவன் இல்லாமலே வானிற் செல்லும் ஊர்தியைப் பற்றிப் புறநானூறு பேசுகின்றது. ஆனால் பறக்கக் கற்ற மாணவர் ஒருவரைத் தமிழிலக்கியத்தில் தேடுவோமாயின், அவரைச் சீவக சிந்தாமணியிலேயே காணலாம். அவர் ஓர் அரசி. சச்சந்தன் தச்சனைக்கொண்டு மயிற்பொறி செய்வித்து, அதனைச் செலுத்தும் முறையை விசயைக்குப் பயிற்றுகின்றான். வலப்புறம் திருகினால் எழும்பும். இடப்புறம் திருகினால் இறங்கும். பாடம் இவ்வளவே. பின்னர்க் கட்டியங்காரனின் வெற்றி முரசம் கேட்டு அவள் அறிவு மயங்கியபோது பொறி சுடுகாட்டிலே சென்று இறங்கிற்று. திருத்தக்க தேவர் விமானம் கண்டவரல்லர். எனினும் பொறியிற் பழுதில்லாதபோதும் செலுத்துவோரின் மனம் கலங்கினால் ஊர்தி தாழும் என்னும் உண்மையை அவர் கதைக்குள் வைத்துவிட்டார். இன்றைய பயிற்சிக் கழகங்கள் பெரும்பாலும் போராடுவது இவ்வொன்றோடுதான்.

சீனன்குடாவின் வரலாறு நம்மூரார் பலரும் அறிந்ததே. ஆகவே சுருக்கிச் சொல்வாம். இரண்டாம் உலகப்போரின்போது அது பிரித்தானிய விமானப்படையின் தளமாயிருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, 'ஹரிக்கேன்' விமானங்கள் இங்கிருந்தே எதிர்த்தெழுந்தன. 1951 இல் இலங்கைக்கென ஒரு விமானப்படை தோன்றிற்று. 'சிப்மங்க்' என்னும் சிறு பயிற்சி விமானமே அதன் முதல் ஊர்தி. வலிமைமிக்க போர்விமானத்தால் அன்றிக் கற்பிக்கும் விமானத்தால் ஒரு படை தொடங்கிற்று என்பது ஆசிரியராகிய நமக்கு உவப்பான செய்தி. 1957 இல் பிரித்தானியர் தம் தளங்களைக் கையளித்துச் சென்றனர். இன்று விமானப்படையின் பறப்புப் பயிற்சி சீனன்குடாவிலே நடைபெறுகின்றது. அடிப்படைப் பயிற்சிக்குச் சீனத் தயாரிப்பான பி.ரி.-6 என்னும் விமானமும், மேற்பயிற்சிக்குக் கே-8 என்னும் தாரை விமானமும் பயன்பட்டு வந்துள்ளன.

இங்கு வரும் இளைஞன் நேரே விமானத்தில் ஏறிவிடுவதில்லை. முதலில் படைவீரனுக்குரிய அடிப்படைப் பயிற்சி. தியத்தலாவைக் குளிரில் அணிநடையும் ஓட்டமும் பயின்றே பலர் வருகின்றனர். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பை முடித்து வருவோரும் உளர். வந்தபின்னரும் சப்பாத்தின் மினுக்கம், படுக்கையின் மடிப்பு, மேலதிகாரிக்குச் செய்யும் வணக்கம் ஆகிய எதுவும் அவனை விட்டு நீங்குவதில்லை. இவை வீண் ஆடம்பரம் என்று நம்மிற் சிலர் எண்ணுவர். சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியைத் தவறவிடாத பழக்கம் படுக்கையை மடிப்பதிலே தொடங்குகின்றது என்பது பயிற்றுநர் கூறும் விடை. அதிலே உண்மை இல்லாமலில்லை.

விடியுமுன் எழுதல், உடற்பயிற்சி, குளிப்பு, உணவு. இவை எப்படைக்கும் பொதுவானவை. பறப்பு மாணவனுக்கே உரிய நாள் வானிலை விளக்கத்தோடு தொடங்குகின்றது. முகிலின் அடிமட்டம் எத்தனை அடி, காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு விரைவோடு வீசுகின்றது, பார்வைத் தூரம் எவ்வளவு என்பன சொல்லப்படும். வாடை, தென்றல், கொண்டல், கோடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தது நம் தமிழ். பறப்போர்க்கும் காற்று வரும் திசையே முதன்மையானது. விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். சீனன்குடா ஓடுபாதையின் ஒரு முனை 06 எனவும் மறுமுனை 24 எனவும் எண் பெற்றுள்ளது. காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 60 பாகை, 240 பாகை என்பதே அவற்றின் பொருள். மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று ஒரு முனையை நோக்கி வர, ஆனி ஆடியிற் கச்சான் மறுமுனையை நோக்கி வரும். நம் மீனவர் பாய் விரித்த கணக்கும் ஓடுபாதை வகுத்தவன் கணக்கும் வேறல்ல. வெயில் ஏற ஏறத் தரை காய்ந்து காற்று மேலெழும்பிக் குலுங்கும். பின்னர்க் கடற்காற்றும் வந்து சேரும். காலை வேளையே புதியவர்க்கு உகந்தது என்பது அதனாலேதான்.

அடுத்துப் பயிற்றுநர் அன்றைய பாடத்தை விளக்குவார். பின்னர் மாணவன் விமானத்தை ஒருமுறை சுற்றி வந்து கையாலும் கண்ணாலும் சோதிப்பான். சில்லுகள், சிறகின் பின்விளிம்பிலே அசையும் தகடுகள், வேகமானிக்குக் காற்றேற்கும் குழாயின் உறை கழற்றப்பட்டதா என்பது ஆகிய யாவும் பார்க்கப்படும். எரிபொருளிலே சிறிது எடுத்து ஒரு கண்ணாடிக் கலத்தில் நோக்குவர். இரவுக் குளிரில் தாங்கியினுள் ஈரம் நீராகி அடியிலே தங்கியிருக்கலாம். அந்நீர் இயந்திரத்துட் புகுந்தால் அது வானிலே நின்றுவிடும்.

பி.ரி.-6 இல் இருவர் முன்பின்னாக அமர்வர். முன்னிருக்கை மாணவனுக்கு, பின்னிருக்கை பயிற்றுநருக்கு. வட்டமாய் அமைந்த ஒன்பது உருளைகளையுடைய அதன் இயந்திரம் 285 குதிரைவலு உடையது. அமுக்கிய காற்றினால் அதனைத் தொடக்குவர். நம் செவிக்கு எட்டும் அந்தக் கரகரத்த முழக்கம் அவ்வொன்பது உருளைகளின் குரலே.

தொடக்கத்திற் கற்பிப்பவை எளியவை போலத் தோன்றும்: நேராகவும் மட்டமாகவும் பறத்தல், ஏறுதல், இறங்குதல், திரும்புதல். கடினமான பாடம் இவற்றுக்குப் பின்னே வருகின்றது. சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைக் கடந்தால், பொதுவாக ஏறத்தாழப் பதினைந்து பாகை, சிறகின் மேலே ஒழுகிய காற்றுச் சிதறிவிடும். தாங்கும் விசை குன்ற, விமானம் தலை தாழ்ந்து விழத் தொடங்கும். விழுகின்றவன் என்ன செய்வான்? செலுத்துகோலைத் தன்பால் இழுத்து மூக்கை உயர்த்தவே அவன் கை துடிக்கும். இழுத்தால் கேடு மிகும். கோலை முன்னே தள்ளி, மூக்கை இன்னும் தாழ்த்தி, சிறகுக்குக் காற்றை மீட்டுக் கொடுத்த பின்னரே எழுப்பவேண்டும். பூமி எதிரே விரைந்து வரும்போது பூமியை நோக்கியே தள்ளும் துணிவு பிறவியில் வருவதன்று. போதிய உயரத்திற்கு ஏறி, வேண்டுமென்றே விமானத்தை விழச்செய்து, மீட்டு, மறுபடியும் விழச்செய்து கை அதனைத் தானாக அறியும்வரை பழக்குவர். நம் மாணவர் மனப்பாடத்தை வெறுக்கின்றனர். உடல் செய்யும் மனப்பாடம் இது. வேண்டிய வேளையில் நினைவுக்கு வாராவிடின் மீட்டுத் தேர்வு கிடையாது.

இனி, விமானம் ஏன் ஒரே இடத்தைச் சுற்றுகின்றது என்பதற்கு வருவோம். ஓடுபாதையை ஒரு நீண்ட பக்கமாகக் கொண்ட நீள்சதுரமொன்றை வானிலே வரைந்துகொள்க. எழுந்து, திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையிற் சென்று, மீண்டும் இருமுறை திரும்பி இறங்கவேண்டும். இதனைச் 'சர்க்கிட்' என்பர். வழக்கமாக ஏறத்தாழ 1000 அடி உயரத்தில் இது நடைபெறும். சில்லு தரையைத் தொட்டதும் நிற்காமல் மீண்டும் விசை கூட்டி எழுவர். இறங்குதலே பறப்பிற் கடினமான பகுதியாதலால் ஒரு மணிநேரத்துள் இயன்ற அளவு இறக்கங்களைப் பயிற்றுவதே நோக்கம். இதனுள் இன்னொரு பாடமும் அடங்கியுள்ளது. உயரம் மிகுந்தது, வேகம் மிகுந்தது, அல்லது நேர்கோடு தப்பியது எனக் கண்டால், எப்படியும் இறக்கிவிடலாம் என்று முயலாது, விசை கூட்டி எழுந்து இன்னொரு சுற்று வரவேண்டும். அவ்வாறு எழுந்த மாணவனைக் கடிந்துகொள்ளும் பயிற்றுநர் நல்ல பயிற்றுநர் அல்லர் என்பது நம் கருத்து.

ஒருநாள், பெரும்பாலும் பத்து முதல் இருபது மணிநேரப் பறப்புக்குப் பின், சில சுற்றுகள் முடிந்தவுடன் பயிற்றுநர் விமானத்தை நிறுத்தச் சொல்வார். தம் பட்டியை அவிழ்த்துக் கீழே இறங்குவார். "ஒரு சுற்று வந்து இறங்கு" என்பார். அவ்வளவே. நாளும் நேரமும் முன்கூட்டிச் சொல்லாதிருப்பதும் வழக்கம், இரவெல்லாம் நினைந்து உறக்கங் கெடாதிருக்க. ஒருவரின் பாரம் குறைந்தமையால் விமானம் விரைந்தெழும். பின்னிருந்து வந்த குரல் இல்லை. உலகெங்கும் விமானிகள் தம் வாழ்நாளில் மறவாத சில நிமிடங்கள் அவையே. கீழே நிற்கும் பயிற்றுநர்க்கும் அந்நிமிடங்கள் எளியனவல்ல. பொதுப் பரீட்சை மண்டபத்தின் வெளியே நின்றுள்ள ஆசிரியர்கள் அதனை ஓரளவு ஊகிக்கக் கூடும்.

பறந்து வந்தபின் விமர்சனம். என்ன செய்தாய், ஏன் செய்தாய் என ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். நிகழ்ந்ததை மறையாது கூறுவோனே தேறுவான். தவறு செய்தவனைவிட அதனை மறைத்தவனையே பயிற்றுநர் அஞ்சுவர். பின்னர்ப் பறப்பேட்டிலே நேரம், பாடம், விமானத்தின் இலக்கம் ஆகியன பதியப்படும். பிற்பகல் வகுப்பறைக்குரியது. காற்றியக்கவியல், வழிகாண் கலை, வானிலையியல், இயந்திரவியல் என்பன அங்கே பயிலப்படும். வானொலிப் பேச்சு ஆங்கிலத்திலேயே நடக்கும். கணிதமும் ஆங்கிலமும் பலவீனமாயிருக்க விமானியாவேன் என்று சொல்லும் நம் மாணவர் இவ்வரியை இருமுறை வாசிப்பாராக! தமிழாசிரியராகிய நாமே இதனைச் சொல்லவேண்டியுள்ளது. மாலையில் விளையாட்டு, இரவில் மறுநாட் பாடத்தைக் கதிரையில் அமர்ந்தபடியே கண்மூடிச் செய்துபார்த்தல். கை இல்லாத கோலைப் பற்றி அசைய, வாய் பட்டியலை முணுமுணுக்கும். அறியாதவர் கண்டால் பித்தென்பர்.

மாதங்கள் செல்லச் சாகசப் பறப்பு, அணிப்பறப்பு, வழிகண்டு தொலைவு செல்லல், கருவிகளை மட்டும் நம்பிப் பறத்தல், இரவுப் பறப்பு எனப் பாடங்கள் வளரும். திருகோணமலையின் இரவு வானத்தைப் பற்றி ஒரு சொல். கரையைக் கடந்ததும் கீழே இருண்ட கடல், மேலே இருண்ட வானம். இரண்டுக்கும் இடையே கோடில்லை. மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் விண்மீன்கள் போலத் தோன்றும். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்போ மெதுவான திருப்பத்தை உணராது. விமானம் சாய்ந்திருக்க, நேராயிருக்கின்றோம் என்று சொல்லும். அப்போது தன் உடல் சொல்வதைத் தள்ளிவிட்டு, முன்னேயுள்ள கருவி காட்டுவதை நம்பவேண்டும்.

எல்லாரும் இறுதிவரை செல்வதில்லை. உரிய மணிநேரத்துள் தேறாதவன் நிறுத்தப்படுவான். அவனுள் அறிவுக் குறைவு இருத்தல் வேண்டுமென்பதில்லை. கையும் கண்ணும் அவ்வேகத்திற்கு ஒத்துழைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அவனுக்கு வேறு பிரிவுகள் உண்டு. எனினும் ஊருக்குத் திரும்பித் தாய்க்கு அதனைச் சொல்லும் நாள் கொடியது.

அதனினும் கொடிய செய்தி வந்த வீடுகளும் உள. 2020 டிசெம்பர் 15 ஆம் நாள் சீனன்குடாவிலிருந்து பறந்த பி.ரி.-6 விமானமொன்று கந்தளாய்ப் பகுதியில் வீழ்ந்து, அதனிலிருந்த பயிற்சி மாணவர் உயிர்நீத்தார். 2023 ஆகஸ்ட் 7 ஆம் நாள் சீனன்குடாவிலேயே இன்னொரு பி.ரி.-6 வீழ்ந்து அதிகாரிகள் இருவர் மாண்டனர். 2025 மார்ச் 21 ஆம் நாள் பயிற்சிக்காக எழுந்த கே-8 விமானம் வாரியப்பொலப் பகுதியில் வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் பரசூட்டின் துணையால் உயிர் தப்பினர். இவற்றை மறைத்து இளைஞர்க்கு விமானி வாழ்வின் பொலிவை மட்டும் காட்டுதல் அறமாகாது. இறந்த மாணவர் நம்மிடம் உயர்தரம் படித்துச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு சில ஆண்டுகளே மூத்தவராயிருந்திருப்பார். அவர் எவ்வூரினர், எம்மொழியினர் என்பது அவ்வேளையிற் சிறிதாகின்றது. பிள்ளையை அனுப்ப ஒருப்பட்ட பெற்றோரும் ஒருப்படாத பெற்றோரும் இரு திறத்தாரும் மதிக்கத்தக்கவரே.

பயிற்சி நிறைவுற்றவர் மார்பிலே விமானிச் சிறகு அணிவிக்கப்படும். 2020 நவம்பரில் பெண் அதிகாரிகள் இருவரும் சீனன்குடாவிலே அச்சிறகைப் பெற்றனர்; விசயையின் வழித்தோன்றல்கள் என அவர்களை அழைக்க நமக்கு விருப்பம். இதன்பின் ஒருவர் போர்விமானத்துக்கும், ஒருவர் சரக்கு விமானத்துக்கும், ஒருவர் உலங்குவானூர்திக்கும் எனப் பிரிந்து செல்வர். வெள்ளத்தின்போது கூரைமேல் நிற்பவரைத் தூக்கிச் செல்பவர் அவர்களுள் ஒருவராயிருக்கலாம். சிலர் ஆண்டுகள் சில கழித்துப் பயிற்றுநராகிச் சீனன்குடாவுக்கே மீள்வர். அப்போது அவர்க்குரியது பின்னிருக்கை.