நாணயமா, மின்கலமா?

உண்ணும்போது பேசினால் புரையேறும் என்று பெரியோர் கடிந்துகொள்வதைக் கேட்டிருப்பீர்கள். மூச்சுக்குழாய்க்குள் உணவு நுழைந்தால் உடனே இருமல் வரும். அனைவரும் ஓடி வருவர். உணவுக்குழாயில் சிக்கும் பொருளோ ஓசையின்றித் தங்கிவிடக்கூடும்.

சிறு குழந்தைகள் எதனையும் வாயிலிட்டே அறிய முற்படுவர். நாணயம், ஊக்கு, பொத்தான் என அவர்கள் விழுங்குவன பல. அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன், நோயாளர்களின் தொண்டையிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் தாம் எடுத்த 2,374 பொருள்களைச் சேர்த்து வைத்தார். அவை பிலடெல்பியா நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் பணியாற்றிய 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீடுகளில் காணப்படாத பொருளொன்று இன்று பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் உள்ளது. அதுவே பொத்தான் மின்கலம்.

வயிற்றை அடைந்த நாணயம் பெரும்பாலும் சில நாள்களில் தானே வெளியேறிவிடும். மின்கலம் அத்தகையதன்று. உணவுக்குழாயில் அது தங்கினால், ஈரமான தசை அதன் இரு முனைகளையும் இணைக்க, மின்னோட்டம் பாய்கிறது. எதிர்முனையருகே காரம் உண்டாகித் தசையை அரிக்கிறது. காரம் என்றவுடன் மிளகாயை நினைக்க வேண்டா. இது குழாய் அடைப்பை நீக்கும் தூளிலுள்ள வேதிப்பொருளை ஒத்தது. இரண்டே மணி நேரத்தில் கடும்புண் ஏற்படலாம். பொம்மையை இயக்க இயலாத பழைய மின்கலத்திலும் இதற்குப் போதிய ஆற்றல் எஞ்சியிருக்கும்.

குழந்தை உமிழ்நீர் வடிக்கலாம், உணவை மறுக்கலாம். சில வேளைகளில் அறிகுறி எதுவுமே தோன்றாது. எக்ஸ் கதிர்ப் படத்தில் நாணயம் ஒற்றை வட்டமாகவும் மின்கலம் இரட்டை வளையமாகவும் தெரியும். எனவே ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வாந்தி வரவழைப்பதும், மீன்முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்றுருண்டையோ வாழைப்பழமோ கொடுத்து உள்ளே தள்ள முயல்வதும் கூடா.

பெற்றோர் பணிக்குச் சென்றிருக்கையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவர் உங்களுள் பலர். அடிக்கு அஞ்சி மாலைவரை மறைத்தால் அந்த இரண்டு மணி நேரம் கடந்துவிடும். உடனே அருகிலுள்ள பெரியவரிடம் கூறுங்கள். 112 என்னும் எண்ணை அழையுங்கள். இவ்வூர் மருத்துவரிடம் பெற்றோரைவிடத் தெளிவாகப் பேச வல்லவர் நீங்களாகவும் இருக்கலாம். விழுங்கியது எது, எத்தனை மணிக்கு என்னும் இரண்டையும் முதலில் சொல்லுங்கள். அதே வகை மின்கலம் வேறொன்று இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அதன்மேல் 2032 என்றிருந்தால் விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. என்று மருத்துவர் அறிவார்.

பயிற்சி

1. 'புரையேறுதல்' என்னும் சொல்லைத் தொடரில் அமைத்து எழுதுக.

2. 'காரம்' என்னும் சொல்லின் இரு பொருள்களையும் எழுதுக.

3. உங்கள் தங்கை மின்கலத்தை விழுங்கிவிட்டாள். மருத்துவரிடம் கூற வேண்டியதை மூன்று தொடர்களில் தமிழிலும், பின்னர் நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் எழுதுக.