டீசல் வண்டி வழியில் நின்றால்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருப்பது இன்று சிறு வணிகர்களிடமும் வழக்கமாகிவிட்டது. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு மளிகைக் கடைக்காரர்களும் காய்கறி வியாபாரிகளும் மினி லாரி வாங்கத் தொடங்கினர். மொத்த வியாபாரிகளிடம் பிக்கப் வண்டிகள் ஏராளம். அதிகாலையில் சந்தையிலிருந்து திரும்பும்போது வண்டி திடீரென இழுவை குறைந்து நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போனால் நமக்கு இரட்டை நஷ்டம். சரக்கு வாடும், வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். அதன்மேல் 'பம்ப் போய்விட்டது' என்று கழற்றிவிட்டால் செலவு பல ஆயிரம். பழுதோ பல நேரங்களில் ஒரு ரப்பர் ஹோஸிலோ, ஒரு வாஷரிலோ இருக்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாவிட்டாலும், எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை வண்டி உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரக்குக் கணக்கு குறைந்தால் நாம் குடோனில் தொடங்கிக் கல்லா வரை பார்த்து வருகிறோம். டீசலையும் அப்படியே பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து குழாய் வழியாக ஃபில்டர், பிறகு பம்ப், கடைசியாக நாசில். பம்ப் கடைசிக்கு முந்தியது. சந்தேகமும் அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

1. செல்ஃபை விடாமல் அடிக்காதீர்கள்

ஒரு முறைக்கு 10 வினாடிக்கு மேல் வேண்டாம். ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். தொடர்ந்து அடித்தால் பேட்டரி இறங்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கருகும். பம்பின் உள்பாகங்களுக்கு டீசலே எண்ணெய்ப் பூச்சு. அது வராமல் சுற்றினால் நல்ல பம்பும் தேய்ந்துவிடும்.

2. புகையைப் பாருங்கள்

செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். புகையே வராவிட்டால் டீசல் இன்ஜினுக்குள் போகவில்லை என்று கொள்ளலாம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். புகை வராத வண்டிக்கே இனிச் சொல்பவை.

3. டேங்க்

மீட்டர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். மிதவை சிக்கிக்கொண்டால் காலி டேங்கிலும் பாதி காட்டும். மூடியைத் திறக்கும்போது உள்ளே காற்று இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். மூடியின் காற்று வழி அடைத்திருந்தால், வண்டி அரை மணி ஓடி நிற்கும். சற்று நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆகும்.

4. சொட்டாத கசிவு

பலர் ஏமாறுவது இங்கேதான். பம்புக்குப் பிறகு உள்ள குழாயில் டீசல் தள்ளப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் வெளியே சொட்டும். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில், பழைய வகை வண்டிகளில், டீசல் இழுக்கப்படுகிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் சொட்டாமல் காற்று உள்ளே புகும். தரை காய்ந்திருப்பதால் கசிவு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. இரவு நிறுத்திய வண்டி காலையில் எடுக்கச் சிரமப்பட்டால், குழாயிலிருந்த டீசல் டேங்குக்குத் திரும்பியிருக்கலாம். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், நசுங்கிய காப்பர் வாஷர், ஃபில்டர் மாற்றியபோது சரியாக உட்காராத ரப்பர் வளையம் ஆகியவற்றைப் பாருங்கள்.

5. ஃபில்டர்

அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும். மழைக்காலத்தில் இது முக்கியம்.

6. மின்சாரம்

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பல வண்டிகளில், சாவி போட்டதும் பம்பின் மேலுள்ள சோலினாய்டு 'டக்' என்று ஒலித்து டீசல் வழியைத் திறக்கும். ஒயர் கழன்றாலோ, ஃபியூஸ் போனாலோ வழி திறக்காது. பம்ப் கெட்டதுபோலவே தோன்றும்.

7. கேன் சோதனை

மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஒரு தெளிவான சோதனை உண்டு. டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் வேறொரு நல்ல ஹோஸை மாட்டி, மறுமுனையைச் சுத்தமான டீசல் கேனில் விட வேண்டும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை நிற்கும் வரை ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். வண்டி எடுத்து நின்று ஓடினால், பழுது டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில் இருக்கிறது. பம்பில் கை வைக்கத் தேவையில்லை.

புதிய வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நடைமுறையில் உள்ளது. இவ்வகை டீசல் வண்டிகளில் இருப்பது காமன் ரெயில் முறை. இதில் நாசில் குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல். பழைய பழக்கத்தில் நாசில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்துப் பார்க்கக்கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். இவ்வண்டிகளில் டேங்க், ஃபில்டர், ஃபியூஸ் வரை நாம் பார்க்கலாம். அதற்கு மேல் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பவரிடம் விடுவதே நல்லது. டீசல் வண்டியில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியே போடாமல் டேங்கைக் காலி செய்யுங்கள்.

ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

'காற்று புகுகிறதா என்று பார்த்தீர்களா? ஃபில்டரில் தண்ணீர் இருந்ததா? சோலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா?' மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே பம்பைக் கழற்ற ஒப்புக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டியில் ஒரு ஃபில்டர், இரண்டு ஹோஸ் கிளிப், சில காப்பர் வாஷர், ஒரு ஃபியூஸ் எப்போதும் இருக்கட்டும். ஃபில்டர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வையுங்கள். வண்டி நிற்கும்போது கூட இருப்பவர் டிரைவர்தான். ஆகவே இக்கட்டுரையை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.