பச்சை ஒயர் எங்கே போகிறது?

(வீட்டு ஒயரிங் வேலைக்கு ஆள் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை)

மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை



"பைப் எர்த்திங் முறையைப் படத்துடன் விளக்குக." இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் நம் துறையில் யாரும் டிப்ளமோ முடிக்க முடியாது. ஜி.ஐ. பைப், கரி, உப்பு, மேலே புனல், சிமென்ட் தொட்டி என்று படம் போட்டு, பென்சிலால் ஷேடு கொடுத்து மார்க்கும் வாங்கிவிடுவோம். நானும் வாங்கினேன். ஆனால் எங்கள் வீட்டு கிரைண்டருக்கு எர்த் இருக்கிறதா என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை.

நாலாவது செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அடுப்படியில் அம்மா ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அடுப்படிக்குள் செருப்பு நுழைந்ததே கிடையாது.

"என்னம்மா இது, செருப்போட?"

"டிரம்மைத் தொட்டா சுர்ருனு இழுக்குதுடா. செருப்புப் போட்டா இழுக்க மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"வீடு கட்டுனதுல இருந்துதான்."

வீடு கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மெயினை ஆஃப் செய்துவிட்டு, பிளக் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு ஒயர் இருந்தது, கறுப்பு ஒயர் இருந்தது. எர்த் டெர்மினலில் திருகு மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. பச்சை ஒயர் இல்லை.

ஒயரிங் செய்தவரை அழைத்து வந்தோம். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "தம்பி, மெயின் போர்டு வரைக்கும் எர்த் வந்திருக்கு, பாருங்க. உள்ள ஒவ்வொரு பிளக்குக்கும் போடணும்னு யாரும் சொல்லலையே. பாயிண்ட் ரேட்டை உங்க அப்பா ரொம்பக் கொறைச்சுட்டாரு. அந்த ரேட்டுக்குப் பச்சை ஒயர் கட்டுப்படியாகாது" என்றார்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. பேரம் பேசி மிச்சம் பிடித்த பணம் 3,000 ரூபாய்.

அவர் செய்தது பெரிய தவறு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாங்களும் ஒரு தவறு செய்திருந்தோம். என்ன வேண்டும் என்று சொல்லாமலே எவ்வளவு என்று பேரம் பேசினோம். சுவருக்குள் மறைந்துபோகிற வேலையில் ரேட்டைக் குறைத்தால், குறைவது கண்ணுக்குத் தெரியாத பொருள்தான். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. சுர்ர் என்று இழுப்பது எது?

மோட்டார் காயிலுக்கும் அதன் இரும்புக் கூட்டுக்கும் நடுவில் இன்சுலேஷன் இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அப்போது மின்சாரம் சிறிதளவு பாடிக்குக் கசியும். எர்த் இருந்தால் அது பச்சை ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும். இன்று சுர்ர் என்று இழுப்பதே நாளை இன்சுலேஷன் முழுதும் போனால் 230 வோல்ட்டாக நிற்கும். அன்றைக்குச் செருப்பு ஈரமாக இருந்தால் என்ன ஆவது?

ஓரல் தேர்வில் கேட்பார்களே, "மூணு பின் பிளக்கில் மேல் பின் ஏன் நீளமாகவும் தடியாகவும் இருக்கு?" என்று. நீளமாக இருப்பதால் செருகும்போது எர்த் முதலில் சேரும், பிடுங்கும்போது கடைசியில் விடும். தடியாக இருப்பதால் தவறிக்கூட லைன் துளைக்குள் நுழையாது. இவ்வளவு யோசித்துச் செய்த பின்னுக்குப் பின்னால் ஒயரே இல்லை என்றால் அது வெறும் பித்தளைத் துண்டுதான்.

2. எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா?

பலரும் ஏமாறும் இடம் இது. ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள்.

ஈரக் கையோடு தொடுகிற ஒருவரின் உடல் தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர். நெஞ்சு வழியாகச் சில விநாடிகள் பாய்ந்தாலே இது உயிரை எடுக்கும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஆள் துடித்துக்கொண்டிருந்தாலும் அது விழாது. அது ஒயரைக் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற வந்ததல்ல.

சரி, எர்த் மட்டும் இருந்தால்? எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால், கணக்குப்படி 46 ஆம்பியர் வரை பாயும். எம்.சி.பி. சூடாகி விழுந்துவிடும். அதே குழி கோடையில் காய்ந்து 50 ஓம் ஆகிவிட்டால் 4.6 ஆம்பியர்தான். எம்.சி.பி. அசையாது, பாடியில் மின்சாரம் நிற்கும்.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ஆர்.சி.சி.பி. கடைக்காரர்கள் பழைய வழக்கப்படி இன்னமும் இ.எல்.சி.பி. என்பார்கள். லைனில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் முன் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ரகம். 100, 300 மில்லி ஆம்பியர் ரகங்களும் கடையில் உண்டு. அவை ஆளைக் காப்பாற்றப் போதாது.

ஆனால் ஒன்று. லைனையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது. எனவே எர்த், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றதை விட்டுவிட முடியாது.

3. ஆள் வைக்கும் முன்

லைசென்ஸ் கேளுங்கள். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமமும், மேற்பார்வையாளர், கம்பியாள் ஆகியோருக்குத் தகுதிச் சான்றும் தருகிறது. "சார், உங்க லைசென்ஸைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முறையாக வேலை செய்கிறவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

பாயிண்ட் ரேட் என்றால் எதெல்லாம் அதில் அடக்கம் என்று கேளுங்கள். கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா? சுவர் வெட்டிப் பூசுவது யார் வேலை? எர்த் குழியும் மெயின் போர்டும் தனிக் கணக்கா?

பேசியதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கீழ்க்கண்டவை அதில் இருக்கட்டும்.

அ. எல்லா பிளக்குக்கும், ஃபேன் ரெகுலேட்டர் உள்ள இரும்புப் பெட்டிகளுக்கும் பச்சை ஒயர்.

ஆ. லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் பவர் பிளக்குக்குக் குறைந்தது 2.5, ஏ.சி.க்கு 4.

இ. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

ஈ. எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்ற தவணை.

ஒயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 694 என்ற எண்ணும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த உரிம எண் உண்மையானதா என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

4. வேலை நடக்கும்போது

பைப் பதித்து, பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டால் அளவும் தெரியும். பின்னாளில் ஆணி அடிக்க, துளை போட அந்தப் படம்தான் உதவும்.

ஒயர் இழுக்கும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். ஒவ்வொரு பிளக் பெட்டியிலும் மூன்று நிறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க இன்ஜினியர் தேவையில்லை. பாட்டி கூடப் பார்க்கலாம்.

சிலர் பச்சை ஒயரை மிச்சம் பிடிக்க, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். எர்த் இல்லாததைவிட இது மோசம். நியூட்ரல் எங்காவது அறுந்தால், கருவிக்குள் போன மின்சாரம் நேராக அதன் பாடிக்கு வந்து நிற்கும். எதுவும் பழுதாகாமலே ஷாக் அடிக்கும்.

5. கடைசிப் பணம் கொடுக்கும் முன்

நூற்றுக்குப் பத்தாவது கையில் வைத்துக்கொண்டு, கீழ்க்கண்ட சோதனைகளை ஒயரிங் செய்தவரையே உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். படித்திருக்கிறோம் என்ற தைரியத்தில் நாமே கையை விட வேண்டாம்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

ஒவ்வொரு பிளக்கிலும் லைன் துளைக்கும் எர்த் துளைக்கும் இடையில் 25 வாட் குண்டு பல்பு உள்ள டெஸ்ட் லேம்ப்பை வைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எர்த் சரி. பல்பும் எரியாமல் ஆர்.சி.சி.பி.யும் விழாமல் இருந்தால் எர்த் இல்லை. ஆர்.சி.சி.பி. விழாமலே பல்பு எரிந்தால் நியூட்ரலோடு இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

சுவிட்சை ஆஃப் செய்த பிறகு ஹோல்டரில் டெஸ்டர் எரியக் கூடாது. எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம்.

மெகர் கொண்டு வரச் சொல்லி இன்சுலேஷன் தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

6. குடியேறிய பிறகு

மாதம் ஒரு தடவை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் "தொல்லையா இருக்கு, கழட்டிப் போடு" என்று சொல்லாதீர்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ, அதில்தான் கசிவு.

துணி காயப்போடும் கொடிக் கம்பியை சர்வீஸ் ஒயர் வரும் பைப்பிலோ மின்கம்பத்திலோ கட்டவே கூடாது. மழைக்காலத்தில் இதனால் உயிர்கள் போகின்றன. கம்பிக்குப் பதிலாக நைலான் கயிறு போதும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயின். மெயின் தூரத்தில் இருந்தால் காய்ந்த கட்டையால் தள்ளிவிட்டு, 108-ஐ அழையுங்கள். மீட்டருக்கு வெளியே கம்பியில் கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

7. ஏமாற்றப்பட்டால்

காசு கொடுத்துச் செய்து வாங்கிய வேலையும் சட்டப்படி ஒரு 'சேவை'தான். 1986-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. சேவைக் குறைபாட்டுக்காக நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆலோசனைக்கு 1915 என்ற இலவச எண் இருக்கிறது. ஆனால் கையில் பில்லும் எழுதிக்கொண்ட தாளும் இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டுமே இல்லை.

எங்கள் வீட்டில் சண்டை போடாமல் வேலையை முடித்தோம். பழைய பைப்பில் இடம் இருந்ததால் சுவரை உடைக்காமலே பச்சை ஒயர் இழுக்க முடிந்தது. ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். எல்லாம் சேர்த்து அந்த 3,000 ரூபாயைப்போல் மூன்று மடங்கு செலவு. முடிந்த அன்று அம்மா வெறுங்காலோடு நின்று டிரம்மை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு முழுக் கையையும் வைத்தார்கள். "இப்போ இழுக்கலடா" என்றார்கள். செருப்பு வாசலுக்குப் போய்விட்டது.

நண்பர்களே, கடைசியாக ஒரு வார்த்தை. இன்று நாம் ஆள் வைக்கிற பக்கம் நிற்கிறோம். நாளை நம்மில் பலர் மேற்பார்வையாளர் சான்று வாங்கி, வேலை எடுக்கிற பக்கம் நிற்போம். அப்போதும் ஒருத்தர் வந்து பாயிண்ட் ரேட்டைக் குறைக்கச் சொல்லுவார். "ஃபேன்சி சுவிட்சைக் குறைச்சுக்கலாம் சார், பச்சை ஒயரைக் குறைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அதனால் அந்த வேலை போனாலும் போகட்டும் என்று நாம் எழுந்து வர வேண்டும். எந்த வீட்டிலோ ஓர் அம்மா வெறுங்காலோடு மாவு ஆட்டப் போகிறார்கள்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அடுப்படி பிளக்கைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.