உப்பு தண்ணீரை இழுக்கிறதா?

நம்பிக்கை: மாவடுவில் கல்லுப்பைப் போட்டால் உப்பு தண்ணீரை இழுத்துவிடும்.

உண்மை: வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் புரட்டி, உப்போடு ஜாடியில் குலுக்கி வையுங்கள். ஓரிரு நாளில் அடியில் நீர் விட்டிருக்கும். காம்பைச் சுற்றித் தோல் சுருங்கத் தொடங்கும். ஆனால் உப்பு எதையும் இழுக்கவில்லை. வடுவின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சவ்வு உண்டு. அதன் வழியே நீர் மூலக்கூறுகள் ஓயாமல் உள்ளும் வெளியும் போய்வருகின்றன. வெளியே உப்பு செறிந்திருக்கும்போது உள்ளே திரும்பும் நீர் குறைகிறது; வெளியேறுவது அதைவிட அதிகம். அந்த வித்தியாசமே ஜாடியில் தேங்குகிறது. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதைத்தான். நாளாக ஆகச் செல்கள் உப்பின் கடுமையில் மடிகின்றன, சவ்வும் கெடுகிறது. அதன் பிறகே உப்பு தாராளமாக உள்ளே இறங்கி வடு ஊறுகிறது. அவசரப்பட்டு எடுத்த வடு நடுவில் சப்பென்று இருப்பது இதனால்தான்.

நம்பிக்கை: சவ்வு ஒரு சல்லடை. சிறியது போகும், பெரியது நிற்கும்.

உண்மை: உப்பிலுள்ள சோடியம் அயனி நீர் மூலக்கூறைவிடச் சிறியது. இருந்தும் அதற்கு வழி கிடைப்பதில்லை. அது மின்னூட்டம் கொண்டது, தன்னைச் சுற்றி நீரைச் சேர்த்துக்கொண்டே திரிவது. சவ்வின் கொழுப்புப் படலத்துக்குள் அது எளிதில் நுழைய முடியாது. நீருக்கோ தனிக் கால்வாய்ப் புரதங்களே உண்டு. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்பிக்கை: இரு பக்கமும் சமமானால் நீரோட்டம் நின்றுவிடும்.

உண்மை: நிற்காது. போவதும் வருவதும் ஒரே அளவாகிவிடும், அவ்வளவுதான். ட்ரிப்ஸில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பது இந்தச் சமநிலைக்காகவே. ‘சுத்தமான தண்ணீர்தானே, என்ன செய்துவிடும்?’ என்று நினைப்பது ஆபத்து. உப்பில்லாத நீரை நேராக ரத்தக் குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கும்.

நம்பிக்கை: ஆர்.ஓ. இயந்திரத்தில் நடப்பதும் சவ்வூடு பரவலே.

உண்மை: அதற்கு நேர் எதிர். தன்போக்கில் விட்டால் நல்ல நீர்தான் உப்பு நீரின் பக்கம் போகும். கடல்நீர் விஷயத்தில் அதைத் தடுத்து நிறுத்தவே வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வேண்டும். திருப்பி ஓட்ட அதற்கும் மேல். மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை போன்ற இடங்களில் மின்சாரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது இந்த அழுத்தத்தைத் தரும் பம்புகளே.